அந்த நாய்க்கு ஒரு வீடு இருக்கு

போன சீசன்ல கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில ஒரு நாய் காணாமப் போச்சு. செவலை. வால் நுனியில மட்டும் கொஞ்சம் வெள்ளை. ஒரு வயசான அம்மாவோட பூண்டுக் காட்டுக்கு அதுதான் காவல். ராத்திரி காட்டுப்பன்னி இறங்கினா ஊர்ல முதல்ல குரைக்கிறது அதுவாத்தான் இருக்கும்.

ஊர்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான். சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கும், விட்டுருங்க.

அந்தம்மா ஒத்துக்கல. “சிறுத்தை ராத்திரில வரும். இது பட்டப்பகல்ல போயிருக்கு. யாரோ கூட்டிட்டுப் போயிருக்காக”ன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

அவங்க சொன்னதுதான் சரி.

நாய் சென்னையில இருந்துச்சு. ஒரு அபார்ட்மெண்ட்ல, மெத்தை மேல. சுற்றுலா வந்த புள்ளைங்க நாலஞ்சு பேர் பூம்பாறைக்கு மேல இருக்கிற வியூ பாயிண்ட்ல வண்டியை நிறுத்தியிருக்காங்க. ரோட்டோரமா ஒல்லியா ஒரு நாய் படுத்திருக்கு. கழுத்துல பட்டை இல்ல. காதுல பழைய காயம். பன் போட்டாங்க, வாலை ஆட்டிட்டு வந்துச்சு. பாவம்னு காருல ஏத்திட்டாங்க. வீட்டுக்குப் போய் குளிப்பாட்டி, புதுப் பேரு வெச்சு, இன்ஸ்டாகிராம்ல வீடியோவும் போட்டாச்சு. சென்னையில ஹோட்டல் வேலை பார்க்கிற பூம்பாறைப் பையன் ஒருத்தன் கண்ணுல அது பட்டது அந்தம்மாவோட அதிர்ஷ்டம்!

(கொடைக்கானல்ல நாய், பூனை, குதிரை எது வழி தவறினாலும் யாராவது எனக்கு ஒரு போன் போட்டுருவாங்க. அப்படியே பழகிப்போச்சு. அந்தப் பையனும் போட்டான்.)

நான் அந்தப் புள்ளைங்ககிட்ட பேசினேன். “அக்கா, யாருமே இல்லாத நாய்னுதான் நெனச்சோம். குளிர்ல செத்துரும்னு பயந்துட்டோம்”னு அதுல ஒரு பொண்ணு போன்லயே அழுதுட்டா. நல்ல மனசு. அதுல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல. அடுத்த வாரமே மலையேறி வந்து நாயை விட்டுட்டும் போனாங்க. அந்தம்மா அவங்களை வையல. “வந்துட்டுப் போற புள்ளைகளுக்கு நம்ம ஊரு நாயைப் பத்தி என்ன தெரியும்”னு சொல்லி, ஒரு பை நிறைய மலைப்பூண்டு குடுத்து அனுப்பினாங்க.

ஆனா எனக்குத்தான் மனசு ஆறல. அந்த வீடியோ அந்தப் பையன் கண்ணுல படாம இருந்திருந்தா? இப்படிப் போய்ச் சேர்ந்த நாய்ங்க இன்னும் எத்தனை?

அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க.

நம்ம மலையூர்கள்ல, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, எங்கே போனாலும் நாயைக் கட்டிப்போட்டு வளர்க்கிறவங்க குறைவு. காலையில காட்டுக்கு ஆளோட போகும். மத்தியானம் ரோட்டுல வெயில் காயும். (இந்தக் குளிருக்கு தார் ரோடுதான் அதுங்களுக்குக் கணப்பு.) சாயங்காலம் டீக்கடை. ராத்திரி வீட்டு வாசல். பட்டை கிடையாது, கூப்பிடுற பேருகூட சில சமயம் ‘டேய்’தான். ஆனா அது யார் வீட்டு நாய்னு ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஒல்லியா இருக்கிறது பட்டினியாலன்னும் சொல்ல முடியாது. நாட்டு நாயோட உடம்பு வாகே அது. கீழே தேனிப் பக்கம் கோம்பைன்னு ஒரு இனமே இருக்கு, அதைப் பார்த்தாலும் புதுசா வர்றவங்க ‘ஐயோ, இளைச்சுப் போச்சே’ன்னுதான் சொல்லுவாங்க.

வட்டக்கானல் பக்கம் இன்னொரு கூத்து. டால்பின் மூக்குக்கோ, அதுக்கும் கீழே வெள்ளகவிக்கோ நடக்கிறவங்க பின்னாடியே ஊர் நாய் ஒண்ணு வந்துரும். (வெள்ளகவிக்கு ரொம்ப காலம் ரோடு கிடையாது. சாமான் எல்லாம் குதிரை முதுகுலதான் போச்சு. ஊருக்குள்ள யாரும் செருப்பும் போட மாட்டாங்க. போனா கழட்டிருங்க.) பிஸ்கட் ஆசையில ஏறி, இறங்கி, கடைசியில உங்க கார் வரைக்கும் வந்து நிக்கும். முகத்தையே பார்க்கும். உடனே மனசு இளகிடும். தயவுசெஞ்சு கதவைத் திறக்காதீங்க. வந்த வழி அதுக்குத் தெரியும். நீங்க கிளம்பின அரை மணி நேரத்துல அடுத்த குரூப்போட இறங்கிப் போயிரும்.

காதுல வி வடிவத்துல ஒரு வெட்டு இருந்தா, யாரோ கொடுமைப்படுத்திட்டாங்கன்னு பதறாதீங்க. கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அதுதான் அடையாளம். 2023-ல வந்த கருத்தடை விதிகள்படி ஆபரேஷன் பண்ணி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயேதான் நாயை விடணும். இடம் மாத்திட்டா அந்தப் பகுதி நாய்ங்க சேர்ந்து புதுசா வந்ததைக் கடிச்சுத் துரத்தும்.

சரி, அப்போ நிஜமாவே வழி தவறின நாயை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிக்கிற விதத்துலயே தெரிஞ்சுரும். ஊர் நாய் சாவகாசமா இருக்கும். தொலைஞ்ச நாய்க்கு நிலை கொள்ளாது. நடு ரோட்டுல ஓடி ஓடி நிக்கும். ஒவ்வொரு கார்கிட்டயும் போய் மோந்து பார்க்கும், திரும்பும். காலடியைப் பாருங்க: தார் ரோட்டுல ரொம்ப தூரம் ஓடியிருந்தா பாதத்துத் தோல் உரிஞ்சு ரோஸ் நிறத்துல தெரியும். காது மடிப்புல, விரல் இடுக்குல எல்லாம் ஒட்டுமுள்ளு. மழைக்காலம்னா அட்டை.

பெருமாள்மலைகிட்ட ஒரு லேப்ரடார் அப்படித்தான் நின்னுச்சு. மதுரைக் குடும்பம். டீ குடிக்க இறங்கியிருக்காங்க. பஸ் ஒண்ணு வளைவுல ஏர்ஹாரன் அடிச்சதுல மிரண்டு, கயித்தை உருவிக்கிட்டு ஓடிருச்சு. அவங்க இருட்டின பிறகும் தேடியிருக்காங்க. நாங்க போனப்போ நாய் ரோட்டுக்கு மேல மரங்களுக்குள்ள நிக்குது, கிட்ட வரவே மாட்டேங்குது.

முதல்ல டீக்கடைக்காரங்க எல்லாருமாப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. இன்னும் மேல ஏறிடுச்சு. விசில் அடிச்சாங்க. ம்ஹூம். ஒரு தம்பி சுத்தி வளைச்சுப் பிடிச்சுரலாம்னு போனான். ரோட்டுப் பக்கம் பாய்ஞ்சுச்சு, நல்லவேளை லாரி எதுவும் வரல. பயந்த நாய்க்குப் பத்து பேர் கூப்பிடுறதும் பத்து பேர் துரத்துறதும் ஒண்ணுதான். சொந்தக்காரங்க குரலைக்கூட அந்த நேரத்துல அதால பிரிச்சு அறிய முடியாது.

அப்புறம் எல்லாரையும் கடைக்குள்ள போகச் சொல்லிட்டோம். நான் மட்டும் ரோட்டுக்கு மேல் பக்கமா, நாய்க்கு முதுகைக் காட்டாம, நேராவும் பார்க்காம, பக்கவாட்டுல திரும்பித் தரையில உக்காந்தேன். பக்கத்துல வாழையிலையில தயிர்சோறு. கொஞ்சம் தள்ளி அந்த மதுரைக் குடும்பத்துப் பையனோட துவைக்காத சட்டை (போட்டுக் கழட்டினது, வியர்வை வாசனையோட. துவைச்சது பிரயோஜனமில்ல). கடைக்காரரோட கிழட்டு நாய் ஒண்ணு தானா வந்து என் பக்கத்துல படுத்துக்கிச்சு. அதுதான் பாதி வேலையைச் செஞ்சது. அது நிம்மதியாப் படுத்திருக்கிறதைப் பார்த்து லேப்ரடார் ஒவ்வொரு அடியா இறங்குச்சு. சட்டையை மோந்து பார்த்துச்சு. அது மேலயே படுத்துருச்சு.

அப்பவும் கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுக்கல. பயந்த நாய் கடிக்கிறது அந்த நிமிஷத்துலதான். துண்டு ஒண்ணைச் சுருக்கு மாதிரி மடிச்சு, தலை வழியா மெதுவா விட்டேன். நம்ம ஊர்ல துண்டு, துப்பட்டா இல்லாத ஆள் உண்டா? அதைவிட நல்ல கயிறு கிடையாது. கழுத்தை அறுக்காது.

மலைப்பாதைக்குன்னு ஒரு விஷயம். நாயை எப்பவும் மலைச்சரிவு ஏறுற பக்கமா வெச்சுக்கங்க. கொண்டை ஊசி வளைவுல இண்டிகேட்டர் போட்டு, ஆளை விட்டுப் பின்னாடி வர்ற வண்டியை நிறுத்தச் சொல்லணும். நாயைக் காப்பாத்தப் போய் மனுஷன் அடிபட்ட கதை இங்கே உண்டு.

தொடக்கூடாத நேரம்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். வாயில எச்சில் ஒழுகுது, கீழ்த்தாடை தொங்குது, நடை தள்ளாடுது, கல்லு கட்டை எதைப் பார்த்தாலும் கடிக்குதுன்னா கிட்டவே போகாதீங்க. கால்நடை மருத்துவமனைக்கும் நகராட்சிக்கும் சொல்லிட்டு, புள்ளைங்களை அந்தப் பக்கம் விடாம நில்லுங்க, அது போதும்.

நல்ல நாய்தான், பயத்துல பல்லு பட்டுருச்சுன்னாலும் ஒரே வழிதான். சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்கிறது நீங்க நினைக்கிறதைவிட நீளம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்க. சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். நேரா அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். தோல்ல போடுற முறையில முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாள். காயம் ஆழமா இருந்தா அந்த இடத்துலயே இம்யூனோகுளோபுலினும் போடுவாங்க. தொப்புளைச் சுத்தி ஊசி போடுற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. ஆனா அந்தப் பயத்துலயே இன்னும் பலர் ஊசிக்குப் போகாம இருக்காங்க. நீலகிரியில குன்னூர்ல பாஸ்டர் நிறுவனம் 1907-லேயே வந்தாச்சு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாய்க்கடிக்குச் சுண்ணாம்பு தடவுறதைப் பார்க்கிறப்போ வேதனையா இருக்கு.

சாப்பாட்டுல ரெண்டு விஷயம். ரெண்டுமே நம்ம கொடைக்கானல் ஸ்பெஷல். ஒண்ணு, ஹோம்மேட் சாக்லேட். ஏரி ஓரத்துல வாங்கி ஆளுக்கொரு துண்டு தின்னுட்டு, மிச்சத்தை நாய்க்குப் போடுறாங்க. சாக்லேட்ல இருக்கிற தியோபுரோமின் நாய்க்கு விஷம். நெஞ்சு படபடக்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். கறுப்பு சாக்லேட்னா இன்னும் மோசம். இன்னொண்ணு, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மலைப்பூண்டு. பூண்டு, வெங்காயம் ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும். ஆகவே குழம்பு ஊத்தின சோறு வேண்டாம். வெறும் தயிர்சோறு, அவிச்ச முட்டை, தண்ணி. போதும்.

கிடைச்ச நாயை ராத்திரி வெளியில கட்டிப்போடாதீங்க. டிசம்பர், ஜனவரியில ஏரிப் பக்கம் புல்லு மேல உறைபனி படியுற ஊரு இது. குளிர் ஒரு பக்கம், சிறுத்தை ஒரு பக்கம். கயித்துல கட்டின நாயைச் சிறுத்தை எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. சமையல்கட்டு மூலையோ, குளியலறையோ, கதவு சாத்துற இடமாப் பாருங்க. ஒரு பழைய சாக்கு விரிச்சா தூங்கிரும்.

காலையில நடக்கக் கூட்டிட்டுப் போறப்போ காட்டெருமை. ஊருக்குள்ள சர்வசாதாரணமா நிக்கும். சமவெளி நாய் அதைப் பார்த்ததே இருக்காது, குரைச்சுக்கிட்டே முன்னாடி ஓடும். காட்டெருமை திரும்பித் துரத்தினா நாய் எங்கே ஓடி வரும்? உங்க காலுக்குள்ளதான்! கயிறு இல்லாம வாசல் தாண்ட வேண்டாம்.

(காட்டெருமைக் கன்னுக்குட்டி தனியா நிக்குதுன்னும் எனக்குப் போன் வரும். அது தொலையல. தாய் புதருக்குப் பின்னாடிதான் நிக்குது. கிட்ட போறவங்களுக்குத்தான் ஆபத்து. வனத்துறைக்குச் சொல்லிட்டுத் தள்ளி நில்லுங்க.)

இப்போ ஓனரைத் தேடுற வேலை.

என் அனுபவத்துல போஸ்டர், இன்ஸ்டா எல்லாத்துக்கும் முன்னாடி ஆளுங்கதான். வத்தலக்குண்டு வழியா வந்தாலும் பழனி வழியா வந்தாலும் எல்லா வண்டியும் பெருமாள்மலையில சேர்ந்து, வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட டோல்கேட் தாண்டித்தான் மேல வரணும். ஆகவே முதல் தகவல் டோல்கேட். அழுதுகிட்டே இறங்குற குடும்பத்தை அவங்க மறக்க மாட்டாங்க. அடுத்து டாக்ஸி ஸ்டாண்டு. டிரைவர் அண்ணன்மாருக்குத் தெரியாத காட்டேஜ் இந்த மலையில கிடையாது. “அண்ணே, லேப்ரடாரோட வந்தவங்க யார் வீட்டுல தங்கியிருக்காங்க?”ன்னு ஒருத்தர்கிட்ட கேட்டா, மூஞ்சிக்கல்ல கேட்டது நாயுடுபுரம் வந்து சேர்ந்துரும். நாயோட தங்க விடுற ஹோம்ஸ்டே குறைவுதானே, அதனால சீக்கிரம் பிடிச்சுரலாம். போலீஸ் ஸ்டேஷன்லயும் சொல்லி வைங்க, தொலைச்சவங்க கடைசியா அங்கேதான் போய் நிப்பாங்க. மேல கிராமத்துப் பக்கம் போன் சிக்னலை நம்பாதீங்க. டீக்கடைதான் அங்கே எல்லாத்துக்கும்.

கால்நடை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனா மைக்ரோசிப் இருக்கான்னு கேளுங்க. அரிசி அளவுல இருக்கும், தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில. ஸ்கேனர் வெச்சா 15 இலக்க எண் வரும். சென்னை மாநகராட்சி 2025-ல வளர்ப்பு நாய்களுக்கு இதைக் கட்டாயமாக்கிருச்சு, ஆகவே இனிமே சென்னையிலேருந்து வர்ற நாய்ங்ககிட்ட இருக்கும். ஆனா ஸ்கேனர் எல்லா இடத்துலயும் கிடையாது. சிப்போட பதிவுல பழைய போன் நம்பர் இருந்தாலும் வீண். அதனால நாயோட மலைக்கு வர்றவங்களே, ஒரு சின்ன வேலை: கழுத்துப் பட்டையோட உள்பக்கத்துல அழியாத பேனாவால உங்க நம்பரை எழுதிருங்க. அந்த லேப்ரடாருக்கு விலையுயர்ந்த பட்டை, பளபளன்னு பேருகூட இருந்துச்சு. நம்பர் இல்ல.

போட்டோ போடுறப்போ எல்லா அடையாளத்தையும் சொல்லிராதீங்க. ஒண்ணை மறைச்சு வைங்க. அடிவயித்துல மச்சமோ, நகம் ஒண்ணு வெள்ளையோ, ஏதாவது. நல்ல ஜாதி நாய்னு தெரிஞ்சா “என்னோடதுதான்”னு நாலு பேர் வருவாங்க. அந்த அடையாளத்தைக் கேளுங்க. போன்ல பழைய போட்டோ, வீடியோ இருக்கான்னு கேளுங்க. நாயை வளர்த்தவங்க போன்ல நாய் போட்டோ இல்லாம இருக்கவே இருக்காது. கடைசி சாட்சி நாயேதான், ஆளைப் பார்த்ததும் அது போடுற குதியாட்டம் போதும்.

ஓனர் கிடைச்சதும் ‘கிடைச்சாச்சு’ன்னு போட்டோ போட்ட அதே குரூப்ல போடுங்க. வருஷக்கணக்கா ஒரே நாய் வாட்ஸ்அப்ல தொலைஞ்சுக்கிட்டே இருக்கு. தேதி, இடம் ரெண்டும் படத்து மேலயே எழுதிருங்க.

வழி தவறினது குதிரைன்னா இதுல எதுவுமே வேண்டாம். ஏழு ரோடு பக்கம் ராத்திரி மூடுபனியில குதிரை நின்னா, ஹெட்லைட்டைத் தணிச்சுட்டு நிதானமாப் போங்க. விரட்டாதீங்க, மிரண்டா வண்டி மேலயே பாயும். காலையில ஏரி ஓரக் குதிரைக்காரங்ககிட்ட நிறத்தையும் நெத்திச் சுட்டியையும் சொன்னா, ஓனர் பேர் சொல்லிருவாங்க.

சட்டம் கேட்கிறவங்களுக்கு: 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-வது பிரிவு. அடுத்தவங்க பொருளைக் கண்டெடுத்துக் கையில வெச்சுக்கிட்டா, நம்பி ஒப்படைச்ச பொருளைப் பார்த்துக்கிற அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. சட்டத்துக்கு நாயும் பொருள்தான். கண்டெடுத்ததும் உங்களோடது ஆயிராது, தேடணும்.

வேணும்னே விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. வயசான நாய், தோல் நோய் வந்த நாய். மலைக்குக் கூட்டிட்டு வந்து இறக்கி விட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போயிருவாங்க. 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல இது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இந்தத் தொகை இன்னும் மாறாதது எனக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்புது. இருந்தாலும் ஒரு நாயைப் பார்த்ததும் ‘விட்டுட்டுப் போயிட்டாங்க’ன்னு முதல்லயே முடிவு கட்டிராதீங்க. அந்த மதுரைக் குடும்பத்தைப் பத்தியும் டீக்கடையில அப்படித்தான் பேசிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல அவங்க டார்ச் லைட்டோட கீழ் வளைவுல தேடிட்டிருந்தாங்க. தொலைஞ்ச இடத்துக்குத்தான் தேடுறவங்க திரும்பத் திரும்ப வருவாங்க. நாயும் அங்கேயேதான் சுத்தும். நீங்க அதைக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ கொண்டு போயிட்டா, ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும்.

ஊருக்குக் கிளம்பியே ஆகணும், நாயும் கையில இருக்குன்னா, இங்கேயே யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் போங்க. தங்கியிருந்த வீட்டுக்காரங்க, கால்நடை மருத்துவமனை, டீக்கடை அண்ணன். சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசும் குடுத்துட்டுப் போனா புண்ணியம்.

இப்போ எங்க வீட்டுச் சமையல்கட்டு மூலையில ஒண்ணு தூங்குது. பெண் நாய், சின்ன உருவம், காப்பி நிறம், நீலப் பட்டை. பிரையண்ட் பூங்கா வாசல்ல கிடைச்சது. டோல்கேட், ஸ்டாண்டு, ஸ்டேஷன் மூணு இடத்துலயும் சொல்லியாச்சு. ஒரு அடையாளத்தைச் சொல்லாம வெச்சிருக்கேன். உங்க நாய்னா அது என்னன்னு கமெண்ட்ல போடாம, எனக்குத் தனியாச் சொல்லுங்க.